நல்லாருக்கியளா என்று கேட்டதற்குச் சம்பளம்

அடுத்தவர் சீக்கை விசாரிக்கிறது சொந்தக்காரர் செய்தால் பாசம், பக்கத்து வீட்டுக்காரி செய்தால் வம்பு, கையில் அட்டையும் தாளும் வைத்துக்கொண்டு செய்தால் அதற்குப் பேர் ஆராய்ச்சி. மக்கள்தொகைக் கணக்கு, சோப்புத்தூள், சொட்டு மருந்து என்று எதையாவது சுமந்துகொண்டு வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கின எல்லாருக்கும் நான் பட்ட பாடு தெரிந்ததுதான். தண்ணீர் கேட்டால் மோர் கிடைக்கும், மோர் குடித்தால் கதை கிடைக்கும், கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் கிடைக்காது.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் ஒரு ஆராய்ச்சி நடந்தது. ஆற்றுக்கு வடகரையில் ஒரு ஊர். அங்கே நர்ஸ் ஒருத்தர் இருக்கிற சின்ன சுகாதார நிலையத்தில் ஒரு டெலிபோன் வைத்தார்கள். செவ்வாயும் வெள்ளியும் காலையில் அந்தப் போன் வழியாக டவுண் டாக்டரிடம் பேசலாம். அவர் சொல்கிற மருந்தை நர்ஸ் கொடுப்பார். அதற்கு முன்னாலிருந்தே வியாழக்கிழமை தோறும் ஜீப்பில் ஒரு டாக்டர் நேரில் வந்துகொண்டிருந்தார். போன் மட்டும் போதுமா, ஜீப்பும் வேணுமா? இதுதான் ஆராய்ச்சி. போனில் பேசினவர்களுக்குக் குணமாச்சா என்று வீடு தேடிப் போய் எழுதுவது என் வேலை. நான் எழுதுகிற தாளைப் பார்த்துத்தான் ஜீப் வருமா நிற்குமா என்று முடிவு செய்வார்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்த பயம், வேலை முடிகிற வரைக்கும் விடவில்லை.

பேசாதவளுக்கு வேலை

நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். தச்சநல்லூரில் வீடு, இடுப்பில் இரண்டு வயது மகள் செல்வி. அவள் அப்பாவுக்கு டவுணில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிற வேலை. ஆள் எடுக்கிறார்கள் என்று அவர்தான் கேள்விப்பட்டு வந்து அனுப்பினார். போனால் பத்துப் பதினைந்து பெண்கள். பன்னிரண்டாவது முடித்தவர்கள், டைப் படித்தவர்கள். எல்லாரும் கணீரென்று பதில் சொன்னார்கள். ஆராய்ச்சி நடத்துகிற டாக்டரம்மா மெட்ராஸ்காரர். என்னிடம் மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் தலையை ஆட்டினேன். என்னைத்தான் எடுத்தார்.

சூப்பர்வைசர் இசக்கி அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. "இது வாயே தொறக்கலியே மேடம்" என்றார். "படிச்ச பொண்ணுங்க கேள்வியும் கேட்டு, பதிலையும் அவங்களே சொல்லிடுவாங்க. இவ சும்மா கேட்டு எழுதுவா" என்றார் டாக்டரம்மா. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். பிள்ளையை அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தே பார்க்காமல் சொன்னார்: "வீட்டுல கேட்டா பதில் சொல்லாதவளுக்கு, ஊருல போயி கேள்வி கேக்கச் சம்பளமாம்! யாரு பெத்த காசோ."

இங்கன

போன் வைத்த முதல் செவ்வாய்க்கிழமை, வாழைக்காய் வியாபாரம் பார்க்கிற ஒரு அண்ணாச்சி வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார். போன் முன்னால் ஸ்டூலில் உட்காரச் சொன்னால், "டாக்டரு முன்னால எப்படி" என்று நின்றுகொண்டே பேசினார். நர்ஸ் பொன்னம்மா அக்கா ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கினார்.

"எங்க வலிக்குது?"

"இங்கனதான்யா."

"இங்கனன்னா எங்க?"

"இந்தா, இங்கன." விலாவில் விரலை வைத்து நன்றாக அழுத்திக் காட்டினார். டெலிபோன் பேசாமல் இருந்தது. பார்க்கவில்லையோ என்று சட்டையைத் தூக்கிக்கொண்டு இன்னும் கிட்டப் போனார். "பைய கீழ எறங்கி, பொறத்தால போகுதுய்யா. இந்தா, இப்ப இங்கன நிக்கி." பொன்னம்மா அக்கா பாய்ந்து வந்து, "வலது பக்க விலா சார்" என்று சொல்லி அவரைக் காப்பாற்றினார். டாக்டரைக் காப்பாற்றினார் என்றும் சொல்லலாம். வெளியே வந்த அண்ணாச்சி என் தாளைத் தட்டிச் சொன்னார்: "எழுதிக்கோ தாயி. அம்புட்டுப் படிச்ச டாக்டருக்கு இங்கன எங்கன இருக்குன்னு தெரியல."

வரிசையில் நின்ற சாட்சிகள்

ஸ்பீக்கர் போனில் ஒரு சங்கடம் உண்டு. டாக்டர் பேசுவதும் நோயாளி பேசுவதும் வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கும். போகப் போக, சீக்கே இல்லாதவர்களும் வரிசையில் நின்றார்கள். செவ்வாய் வெள்ளியில் ஊருக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது.

சர்க்கரை வியாதிக்காரி செல்லம்மாள் ஒருநாள் போனில் சத்தியம் செய்துகொண்டிருந்தாள். "இனிப்பக் கண்ணால பாக்கதே இல்ல டாக்டர்." பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏளா, வாய் கூசாம சொல்லுதியே! முந்தாநாள் சடங்கு வீட்டுல ரெண்டு டம்ளர் பாயாசம் குடிச்சியே!" அதற்கும் பின்னாலிருந்து, "மூணு டம்ளர்" என்று இன்னொருத்தி திருத்தினாள். டவுணிலிருந்து டாக்டர், "இப்ப பேசினது நோயாளியா, சாட்சியா?" என்று கேட்டார். செல்லம்மாள் விடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்: "அவ சொல்லுதத நம்பாதிய சார். மூணாவது டம்ளரு அவளுக்குன்னு வாங்கினது, அவ வர நேரமாச்சு."

தாளில்லாமல் எழுதுகிறவர்கள்

ஊரில் முக்கால்வாசிப் பெண்கள் பீடி சுற்றுகிறவர்கள். மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும். நாலைந்து பேர் ஒரு வீட்டில் கூடி உட்கார்ந்துவிடுவார்கள். மைமூனக்கா வீடு அப்படி ஒரு கூடாரம். அங்கே ஒரு மதியம் போய்ச் சிக்கிக்கொண்டேன். என் தாளில் இருபத்திரண்டு கேள்வி. அவர்கள் வாயில் எத்தனை என்று நான் எண்ணவில்லை. மாமியா நல்லவளா, ஒரு பிள்ளைதானா, அடுத்ததுக்கு என்ன யோசனை, ஜவுளிக்கடையில தீபாவளிக்குச் சேலை தருவாவளா, உனக்குப் புளிக்கொழம்பா மீன்கொழம்பா. எனக்கோ கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கவும் கூச்சம். பொழுது சாயும்போது தாளில் மைமூனக்காவின் பேரும் வயதும் மட்டும் இருந்தது.

அக்காவின் மகள் சபியாவுக்கு ஆறு வயது. சுவரில் சாய்ந்தபடியே என் பென்சிலை வாங்கிக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகளோடு விளையாட எழுந்திருக்கவில்லை. மூச்சு விடும்போது அவளுக்குத் தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், கேட்க வாய் வரவில்லை. கிளம்பும்போது மைமூனக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே மற்றவர்களிடம் சொன்னார்: "இந்தப் பிள்ளைக்குத்தான் எழுதத் தாளு வேணும். நம்மகிட்ட கேளு, இவ வீட்டுல நேத்து வச்ச கொழம்பு வரைக்கும் இருக்கு."

முதல் கட்டம்

என் தாளில் முதல் கேள்வியே முக்கியமான கேள்வி. 'போனில் மருத்துவரிடம் பேசிய பின் இப்போது எப்படி இருக்கிறீர்கள்?' அதற்கு எதிரே நாலு கட்டம். முதல் கட்டம் நல்ல குணம், நாலாவது கட்டம் முன்னைவிட மோசம். டிக் போட வேண்டியது ஒன்றில்தான்.

நம்ம பக்கத்தில் வீட்டுக்கு வந்தவளிடம் யாராவது 'நல்லா இல்லை' என்று சொல்வார்களா? வாழைக்காய் அண்ணாச்சி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து விலாவைப் பிடித்துக்கொண்டே, "ஒங்க புண்ணியத்துல நல்லாருக்கேன் தாயி" என்றார். முதல் கட்டம். செல்லம்மாள் கால்புண்ணுக்குத் துணி சுற்றியிருந்தாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். "நல்லாருக்கேன். வெள்ளியும் அதுவுமா வாயில வேற வார்த்த வரலாமா?" முதல் கட்டம். சபியாவுக்காக மைமூனக்காவும் போனில் பேசியிருந்தார்; அவரிடம் பிள்ளையைப் பற்றிக் கேட்டேன். "அல்ஹம்துலில்லாஹ், நல்லாருக்கா" என்றார். இறைவனுக்கு நன்றி சொல்லாமல் அவர் வாயிலிருந்து ஒரு பதிலும் வராது. சுகமாக இருந்தாலும் அதுதான், சுகமில்லாவிட்டாலும் அதுதான். உள்ளே அந்தப் பிள்ளையின் நெஞ்சு விசில் ஊதியது வாசல் வரைக்கும் கேட்டது.

டிக் போடக் கை வராமல் அந்தத் தாளைக் கட்டம் காலியாகவே கொண்டுபோய் இசக்கி அண்ணாச்சியிடம் காட்டினேன். "பிள்ளைக்கு மூச்சு இளைக்கு அண்ணாச்சி, அவங்க நல்லாருக்குன்னு சொல்லுதாங்க" என்றேன். அவர் என் பென்சிலை வாங்கி, முதல் கட்டத்தில் அவரே அழுத்தமாக ஒரு டிக் போட்டார். "நீ பாக்கதுக்குச் சம்பளம் இல்ல பிள்ள. கேக்கதுக்குத்தான் சம்பளம்."

தென்கரையில் எல்லாருக்கும் மோசம்

ஆராய்ச்சி என்றால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஊர் வேண்டுமாம். ஆற்றுக்குத் தென்கரை ஊரில் போனும் கிடையாது, ஜீப்பும் கிடையாது. அங்கேயும் மாதம் ஒரு தடவை போய் இதே மாதிரி கேட்க வேண்டும். தண்ணீர் வடிந்த நாளில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றிலேயே இறங்கி நடந்துவிடுவேன்.

முதல் தடவை போனபோது அந்த ஊரும் நல்லாருக்கோம் என்றுதான் சொன்னது. வடகரைக்குப் போன் வந்த சேதி எட்டினதும் எல்லாம் மாறிப்போனது. ஒரு வீட்டில் மாவாட்டிக்கொண்டிருந்த பெண், என் அட்டையைப் பார்த்ததும் ஆட்டுக்கல்லை விட்டுவிட்டுப் பாயை விரித்துப் படுத்தாள். மாவு கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு, "எந்திரிச்சு நாலு நாளாச்சு" என்றாள். ஜலதோஷம் பிடித்தவர், "இந்த வாரம் தாண்டமாட்டேன்" என்றார். எல்லாருக்கும் நாலாவது கட்டம். தெருமுனையில் டீக்கடை அண்ணாச்சி என்னை நிறுத்தி, ரகசியமாகக் கேட்டார்: "மறைக்காமச் சொல்லு தாயி. வடகரைக்குக் கிடைச்ச மாதிரி ஒரு போன் கிடைக்கணும்னா எத்தன பேரு படுக்கணும்?"

அடித்தல் திருத்தல் இல்லாத தாள்

ஆறு மாதம் கழித்து ஆபீசில் கூட்டம். சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி, அதில் குணமானவர்கள் கணக்குக்கு ஊருக்கு ஒன்றாக இரண்டு கம்பம் வரைந்திருந்தார்கள். வடகரைக் கம்பம் கோபுரம் மாதிரி நின்றது. தென்கரைக் கம்பம் ஆட்டுக்கல் உயரம். டாக்டரம்மா முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பாவம், நல்ல மனுஷி. போன் வந்தால் நூறு ஊருக்கு வைத்தியம் கிடைக்கும் என்று மெய்யாகவே நம்பினார். "போன் மட்டுமே போதும்னு தெரிஞ்சுபோச்சு. அடுத்த மாசத்துலேருந்து வடகரைக்கு ஜீப் வேண்டாம்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

எனக்கு சபியாவின் தோள் இரண்டும் கண் முன்னால் ஏறி இறங்கின. ஜீப் டாக்டர்தான் குழாய் வைத்துப் பார்த்து அவளுக்கு மாத்திரை தருவார். அதுவும் இந்த இரண்டு மாதமாக, போன்தான் இருக்கிறதே என்று மைமூனக்கா வியாழக்கிழமை பீடித்தட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. ஜீப்பும் நின்றால்? நான் எழுந்து நின்றேன். பன்னிரண்டு முகமும் திரும்பின. "என்னம்மா?" என்றார் டாக்டரம்மா. "ஒண்ணுமில்ல மேடம்" என்று உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மா என் கட்டுத்தாளைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார்: "பாருங்க, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. எல்லாரும் இப்படி எழுதணும்."

வரிசையில் நானும்

இரண்டு நாள் அதே யோசனைதான். முகத்தைப் பார்த்துப் பேசினால்தானே எனக்கு வாய் அடைக்கிறது? போனுக்கு முகம் கிடையாதே என்று செல்விக்குத் தலை வாரும்போது தோன்றியது. வெள்ளிக்கிழமைகளில் டவுணில் போன் டாக்டர் பக்கத்தில் டாக்டரம்மாவும் உட்கார்ந்து கேட்பார். அந்த வெள்ளிக்கிழமை, அட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு, செல்லம்மாளுக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். "என்னளா, ஒனக்குமா சர்க்கர?" என்றாள்.

"என்ன செய்யுது?" என்றார் போன் டாக்டர்.

"எனக்கு ஒண்ணும் செய்யல சார். நான் தாள் எழுதுத பிள்ள." கண்ணை மூடிக்கொண்டேன். "நான் எழுதினதுல நெசம் இல்ல சார். நல்லாருக்கியளான்னு கேட்டா இங்கன எல்லாரும் நல்லாருக்கோம்னுதான் சொல்லுவாவ. சீக்குல கெடந்தாலும் அதான் சொல்லுவாவ. தென்கரையில போன் கிடைக்கும்னு தும்மலுக்கே சாகக் கெடக்கோம்னு சொல்லுதாவ. ரெண்டையும் அப்படியே எழுதிட்டேன். ஜீப்ப நிறுத்திராதிய மேடம்."

என் பிறவியில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசினது கிடையாது. வரிசை சும்மா இருக்குமா? "வீடு தேடி வந்த பிள்ளகிட்ட சீக்குன்னா சொல்லுவாவ? நல்ல கூத்தா இருக்கே!" என்றாள் செல்லம்மாள். கடைசியிலிருந்து வாழைக்காய் அண்ணாச்சி கத்தினார்: "டாக்டரே, வலி போகல! அங்கனயேதான் நிக்கி!"

மைமூனக்கா இருமல் மருந்துக்கு வந்திருந்தார். சபியாவைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து, ஒன்றும் சொல்லாமல் பிள்ளையின் வாயைப் போனுக்குக் கிட்டத்தில் வைத்தார். விசில் மாதிரி மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. வரிசை அன்றைக்குத்தான் முதல் முதலாக வாயை மூடியது. "எத்தனை நாளா இப்படி?" என்று டாக்டர் கேட்டார், குரல் மாறியிருந்தது. "ரெண்டு மாசமா." "போன வாரம் பேசினப்போ தேவலைன்னு சொன்னீங்களே!" "எப்படி இருக்கான்னு கேட்டிய சார். அல்ஹம்துலில்லாஹ்ன்னு சொன்னேன். பெறகு வேற என்ன சொல்லுவாவ?" டாக்டர் அடுத்துச் சொன்னதை வரிசை மொத்தமும் கேட்டது: "பஸ்ஸுக்கு நிக்காதீங்கம்மா. ஜீப் அனுப்புறேன்."

நேத்து என்ன செஞ்சிய

சபியாவைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூக்கிலும் வாயிலும் ஒரு மூடியை மாட்டி மருந்துப் புகை பிடிக்கவைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் திரும்பி வந்தாள். அடுத்த தடவை நான் போனபோது என் பென்சிலோடு தெருமுனை வரைக்கும் ஓடினாள். விரட்டிப் பிடிக்க எனக்குத்தான் இளைத்தது.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. எதிரில் உட்காரவைத்து, "அப்போ எப்படித்தான் கேக்கணும்?" என்றார். குனிந்துகொண்டே சொன்னேன்: "எப்படி இருக்கியன்னு கேக்காதிய மேடம். நேத்து என்ன செஞ்சியன்னு கேளுங்க." நேற்றைக் கேட்டால் யாருக்கும் மறைக்கத் தோன்றாது. சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினேன் என்பார்கள், தண்ணீர்க் குடத்தை மகள் தூக்கினாள் என்பார்கள். தென்கரையில் சாகக் கிடந்தவரும், நேற்று நாற்று நட்டேன் என்று ஒப்புக்கொண்டுவிடுவார். புதுத் தாள் அடித்தார்கள். மறுபடியும் இரண்டு ஊரையும் கேட்டு எழுதினேன். சுவரில் கோபுரம் இறங்கி, ஆட்டுக்கல் ஏறி, இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வந்து நின்றன. வியாழக்கிழமை ஜீப் நிற்கவில்லை. போனையும் எடுக்கவில்லை, வரிசை விடாது. ஆனால் போனால் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஆனதும், ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்கள் யாரும் மெட்ராஸிலிருந்து எட்டிப் பார்க்கவில்லை. வருஷக் கடைசியில் ஆபீசை மூடினார்கள், என் வேலையும் அதோடு போனது. சாவியைப் பூட்டில் திருகிக்கொண்டே இசக்கி அண்ணாச்சி சொன்னார்: "வாய் தொறக்காத பிள்ளன்னு எடுத்தோம். ஒரே ஒரு தடவ தொறந்தே, ஆபீஸு மூடிட்டு."

வேலை இல்லாமல், இருமுகிற செல்வியை இடுப்பில் வைத்துக்கொண்டு, எனக்கும் காய்ச்சல் கொதிக்க டவுண் ரதவீதியில் மருந்துக்கடைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு நாள், எதிரே வந்த டாக்டரம்மா "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்க, "நல்லாருக்கேன் மேடம்" என்று நானே என்னை முதல் கட்டத்தில் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.